இளைத்ததை யாரும் பார்க்கவில்லை

நோயாளி வெறும் வயிற்றோடு இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வார்டு சிஸ்டர் சொன்னாலும் நம்பாதீர்கள், கூட வந்தவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கருவிகளைப் பற்றிச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். எனக்கு இப்போது அவற்றில் பாதியின் பெயர்கூடத் தெரியாது. மனுஷர்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தால் எப்படிப் பொய் சொல்வார்கள், எதற்காகச் சொல்வார்கள் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். அதற்குத்தான் இந்த ஓய்வுபெற்றவளைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பின்வரிசையில் இருக்கும் நர்சிங் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். மயங்கிக் கிடக்கும் ஆளுக்குத் தொண்டையில் காவல் இருக்காது. வயிற்றில் கிடப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால், சர்ஜன் எவ்வளவு அழகாகத் தையல் போட்டாலும் பிரயோஜனமில்லை. அதனால்தான் ராத்திரியிலிருந்து சாப்பிடாதே என்கிறோம். உயிர் நிற்பது அந்த ஒரு பேச்சின் மேல்தான்.

என் பணியின் கடைசி வருஷத்தில் நடந்தது இது. நாமக்கல் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்று, எது என்று கேட்காதீர்கள். அந்தப் பெண்ணைச் சுமதி என்று வைத்துக்கொள்வோம். எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக் குடும்பத்து மருமகள், முப்பத்தைந்து வயசைத் தாண்டியவள். பித்தப்பையில் கல். காய்ச்சலும் வலியுமாக அறுவைக்கு முந்தின நாள் காலையில் வந்து படுத்தாள். ஊசி மருந்துகளுக்கு அடங்கவில்லை. மறுநாள் காலை ஸ்கேனில் பை வீங்கி, எந்த நேரமும் கிழிந்துவிடும் என்கிற நிலையில் இருந்தது. அன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று சர்ஜன் முடிவு செய்தார்.

சர்ஜனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கை வேகம், வாய் அதைவிட வேகம். என் வாயும் சின்னதில்லை. என் முதுகுக்குப் பின்னால் எனக்கு மிளகாய் என்று பெயர். ஆனால் நான் சக டாக்டர்களைத்தான் கடிப்பேன், அவர் நோயாளிகளைக் கடிப்பார். பருமனான ஆள் உள்ளே வந்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை தியேட்டர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், பாருங்க. ஐசியூல வென்டிலேட்டரோட இருக்கறது ஒரே ஒரு பெட். அதை இந்தம்மாவுக்குன்னு பிடிச்சு வெச்சிருக்கேன். கீழ கேஷுவாலிட்டியில சேந்தமங்கலத்துல இருந்து ஒரு ஆள், மரவள்ளிக் காட்டுல பாம்பு கடிச்சு வந்திருக்கான். கண்ணு செருகுது. அவனுக்கு மூச்சு நின்னா வைக்க மிஷின் இல்ல. அவன் என்ன தப்பு பண்ணான்? கூலிக்குக் கிழங்கு பிடுங்கினான். இவங்க வாயைக் கட்டாததுக்கு அவன் சாகணுமா?"

அவர் சொன்னதை உதறிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அவர் போட்ட கணக்கு தப்பில்லை. எடை அதிகமான ஒருவரை மேசையில் ஏற்ற நாலு பேர் வேண்டும், நரம்பு தேடவே அரை மணி போகும், அறுவை முடிந்தாலும் மூச்சுக்குத் துணை வேண்டியிருக்கும், காயம் ஆற நாளாகும். நம் ஆஸ்பத்திரிகளில் எல்லாமே அளந்து வைத்ததுதான். ஒருவருக்கு அள்ளி வைத்தால் இன்னொருவர் இலையில் குறையும். இதை வெளியில் இருப்பவர்கள் சுலபமாகக் கொடுமை என்று சொல்லிவிடலாம். காலையில் உள்ளே வரும்போதே கேஷுவாலிட்டியில் இமை கனக்கக் கிடந்தவனின் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"முதல்ல நான் பார்த்துட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

சுமதியைத் தியேட்டரை ஒட்டிய முன்னறையில் ஸ்ட்ரெச்சரில் போட்டிருந்தார்கள். நல்ல கனத்த உடம்பு, கட்டைக் கழுத்து, சின்ன வாய். கழுத்தைப் பார்த்ததுமே என் மனசுக்குள் வேலை ஓட ஆரம்பித்துவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு மூச்சுக்குழாயில் டியூப் போடுவது லேசில்லை. அவசரப்படாமல், மயக்கிவிட்டு, முகமூடி வழியாக நிதானமாகக் காற்றைக் கொடுத்து, வழி தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். வயிறு காலியாக இருந்தால் அது நல்ல திட்டம். வயிறு நிறைந்திருந்தால் அதே திட்டம் ஆளைக் கொல்லும், ஏனென்றால் நாம் கொடுக்கும் காற்றே வயிற்றை ஊதி உள்ளே இருப்பதை மேலே தள்ளிவிடும்.

பக்கத்தில் மாமியார். புருஷன் முட்டை லோடோடு கேரளா போயிருந்தான், திரும்பி வந்துகொண்டிருந்தான். நான் சுமதியைக் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியார்தான் பதில் சொன்னார்.

"எப்பம்மா கடைசியா சாப்பிட்ட?"

"நேத்துப் பொழுதோட அரை இட்லிங்க. அதையும் முழுசாத் திங்கல. அப்பறம் பச்சத்தண்ணி பல்லுல படலீங்க."

"வாந்தி?"

"இல்லீங்க."

"வேற மாத்திரை, மருந்து ஏதாவது சாப்பிடறயா? நாட்டு மருந்து, பொடி, கஷாயம்?"

"ஒண்ணுமில்லீங்க. இவ மருந்து தின்னா எங்க இளைக்கப் போறா? காத்தைக் குடிச்சாலே ஊதற உடம்புங்க. ஊட்டுல ஆரும் இப்புடி இல்ல, எங்க பரம்பரையிலயே இல்லீங்க."

சுமதி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இந்தப் பேச்சு அவளுக்கு மழைச்சத்தம் மாதிரி பழகிப்போயிருந்தது. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பட்டினி இருந்திருக்கிறாள், வாந்தி இல்லை, வேறு மருந்தில்லை. சர்ஜன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைக் காட்டினார். நான் கடைசியாக ஒரு முறை நெஞ்சில் கருவி வைத்துப் பார்க்கக் குனிந்தேன். அவள் மெல்ல ஓர் ஏப்பம் விட்டாள். சோற்று வாசனை வந்தது.

பட்டினி கிடந்த வயிற்றிலிருந்து புளிப்பு வரும், பித்தம் வரும். சோற்று வாசனை எப்படி வரும்?

சட்டென்று நிமிர்ந்தேன். அப்போதுதான் அவளைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை நான் பார்த்தது கழுத்தையும் வாயையும்தான். விரலில் இருந்த மோதிரம் நழுவாமலிருக்க அடியில் நூல் சுற்றியிருந்தாள். பருமனானவர்களின் மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற வேண்டியிருக்கும், உங்களுக்கே தெரியும். இவளுக்கு அது உருவிக்கொண்டு வருமளவுக்குத் தொளதொளத்திருந்தது. மேல்கையில் தோல் தொய்ந்திருந்தது. போர்வையை விலக்கி வயிற்றைப் பார்த்தேன். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக நீலப் புள்ளிகள், ஊசி இறங்கிய இடங்கள்.

இவள் இளைத்திருந்தாள், அதுவும் நிறைய. ஒரே வீட்டில் இருந்தவர்கள் பார்க்கவில்லை, வார்டில் பார்க்கவில்லை, சர்ஜன் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அவள் குண்டான பெண், அத்தோடு சரி.

"இது என்ன ஊசி?" என்றேன்.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிக்குப் போடறப்ப பட்டுருக்குமுங்க. தடுப்பூசி எல்லாம் இவதான் போடறா. அந்த மருந்து ஃப்ரிட்ஜை இப்பல்லாம் வேற ஆரையும் தொடவே உடமாட்டா" என்றார்.

கோழிக்கு ஊசி போடும்போது கையில் குத்திக்கொள்ளலாம். தொப்புளைச் சுற்றிக் குத்திக்கொள்ள முடியாது. ஆனாலும் சுமதி அதற்கும் "ஆமாங்க" என்றாள். அவள் உதடு காய்ந்திருந்தது.

எனக்கு இந்தத் தொழில் சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியர் இருந்தார். நோயாளி சொல்வது பொய் என்று தோன்றினால் அவரைத் திரும்பக் கேட்காதே, பக்கத்தில் நிற்பது யார் என்று பார் என்பார். நான் மாமியாரிடம், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா, துணி மாத்தணும்" என்றேன். கதவைச் சாத்தினேன். அதற்குள் சர்ஜன் உள்ளே வந்துவிட்டார். அவரையும் கையைக் காட்டி அனுப்பினேன். முறைத்துக்கொண்டு போனார்.

குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன். "கண்ணு, நீ என்ன தின்னேன்னு நான் கேக்கல. எனக்கு அது தேவையும் இல்ல. எடை குறைய ஊசி போட்டுக்கறயா?"

அவள் போர்வையை வயிற்றின் மேல் இழுத்துக்கொண்டாள்.

"போட்டுக்கிட்டா தப்பில்ல. நல்ல மருந்துதான். ஆனா அது வயித்தைத் தூங்க வெச்சிரும். நீ ரெண்டு நாளைக்கு முன்னால தின்ன சோறு இன்னும் உள்ளயே இருக்கும். அது தெரியாம உன்னை மயக்கினேன்னா நீ எந்திரிக்க மாட்ட. உனக்குக் குழந்தைங்க இருக்குதா?"

"ரெண்டு பொட்டப்புள்ளைங்க" என்றாள். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் ஓடியது. "வாரம் ஒண்ணுங்க. வெள்ளிக்கிழமை போட்டேன். கோழி மருந்து டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேனுங்க. ஊட்டுல ஆருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது."

"எதுக்கு ஒளிக்கணும்?"

"குண்டா இருந்தாலும் சிரிக்கறாங்க. இளைக்கோணும்னு மெனக்கெட்டா அதுக்கு மேல சிரிக்கறாங்க. போன வருசம் பொழுது விடியறதுக்குள்ள ரோட்டுல நடந்தேனுங்க. ஊரே வேடிக்கை பாத்துது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "முன்ன ஒருக்கா வலின்னு இங்க காட்ட வந்தப்ப இந்தப் பெரிய டாக்டருதானுங்க கல்லு எடுக்கோணும்னா முதல்ல எடையைக் கொறச்சுட்டு வான்னாரு. கோழித் தீவனத்தை நீயே தின்னுடறயான்னு கேட்டாரு. லைன்ல நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் எப்புடீங்க நான் வெளிய சொல்லுவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த நிமிஷத்தில் கதவைத் திறந்து அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் பித்தப்பை எனக்காகக் காத்திருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வளவு வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் கூடும். அவள் நம் பேச்சைக் கேட்டதாலேயே அவள் நோய் முற்றியிருக்கவும் வாய்ப்புண்டு.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கட்டைக் கழுத்துக்கு நிதானம் வேண்டும், நிறைந்த வயிற்றுக்கு வேகம் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம். தள்ளிப் போடலாமென்றால் பை கிழிந்துவிடும். சேலத்துக்கு அனுப்பலாமென்றால் வழியில் கிழியும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான், அன்றைக்கு நானே அதுவாக நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கேஷுவாலிட்டியிலிருந்து போன். "மேடம், பாம்புக்கடி ஆளுக்கு இமை தூக்க முடியல, பேச்சு குழறுது. பெட்டு தருவீங்களா மாட்டீங்களா, ஒண்ணு சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷம்" என்று வைத்தேன்.

சர்ஜனிடம் போய் ஊசி விஷயத்தை மட்டும் சொன்னேன். நம்பவில்லை. "ராத்திரி முழுக்கப் பட்டினி, மேடம். பயப்படறீங்களா?" என்றார். நான் வாதாடவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் இறக்குகிறேன், வந்து பாருங்கள் என்றேன். சுமதியை உட்கார வைத்துக் குழாயை இறக்கினோம். அவள் குமட்டிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். உறிஞ்சத் தொடங்கியதும் முதலில் பழுப்பாகத் தண்ணீர் வந்தது. அப்புறம் சோற்றுப் பருக்கை வந்தது. அப்புறம் கீரைத் தண்டு. குழாய் அடைத்துக்கொண்டது, கழுவிவிட்டு மறுபடியும் உறிஞ்சினோம், மறுபடியும் வந்தது.

"கீரை எப்பச் சாப்பிட்டது?" என்றார் சர்ஜன்.

"முந்தாநேத்து மத்தியானமுங்க" என்றாள் சுமதி.

அவர் உறிஞ்சியதெல்லாம் சேர்ந்த ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போட்டிருந்த பழைய திட்டப்படி போயிருந்தால் அதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிடாது. கட்டியாக இருப்பது உள்ளேயே கிடக்கும். ஆகவே நான் அவளை மயக்காமலேயே டியூப் போடுவதென்று முடிவெடுத்தேன். முழு நினைவோடு, உட்கார்ந்த நிலையில், தொண்டையை மரத்துப்போக வைத்து, கேமரா வைத்த கருவியால் வழி பார்த்து உள்ளே செலுத்துவது. டியூப் உள்ளே போய் நிலைத்த பிறகுதான் மயக்கம். அதற்கு நோயாளி ஒத்துழைக்க வேண்டும். பயந்து கையைத் தட்டிவிட்டால், தலையை உதறினால் எல்லாம் போச்சு.

"கண்ணு, நீ முழிச்சிருக்கறப்பவே தொண்டைக்குள்ள ஒரு குழாய் விடுவேன். மூச்சு முட்டற மாதிரி இருக்கும், ஆனா முட்டாது. நீ அசையக் கூடாது. முடியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நான் என்ன பண்ணோணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் அடுத்த காரியத்தைச் செய்தேன். கேஷுவாலிட்டிக்குப் போன் போட்டு, பாம்புக்கடி ஆளை ஐசியூவுக்கு ஏற்றச் சொன்னேன்.

சர்ஜன் பதறிவிட்டார். "மேடம், இவங்களுக்கு அப்பறம் மூச்சு வரலைன்னா எங்க வைப்பீங்க?"

"இங்கயே, இந்த மேசையில, என் மிஷின்ல. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"மத்த கேஸ் எல்லாம்?"

"நாளைக்கு."

நான் செய்ததை அப்படியே நீங்களும் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். அன்று எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது, அவ்வளவுதான். நம்பிக்கை பொய்த்திருந்தால் நான் இன்றைக்கு உங்கள் முன்னால் இப்படி மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவளை மேசையில் உட்கார வைத்துத் தொண்டைக்கு மருந்து அடித்தேன். அவள் இருமினாள், கண் பிதுங்கியது, கை மேலே எழுந்தது. தட்டிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அந்தக் கை பாதியில் நின்று, திரும்ப மேசை விளிம்புக்கே போய்விட்டது. உறிஞ்சு குழாயைப் பிடிக்க ஆள் போதவில்லை. சர்ஜன் தானே வந்து பிடித்துக்கொண்டார். கேமராவில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் சிவப்பு. கொஞ்சம் இழுத்து, மறுபடி. வயிற்றிலிருந்து பழுப்பாக ஒரு குமிழ் ஏறி வந்தது. "உறிஞ்சுங்க" என்று கத்தினேன். உறிஞ்சினார். ஒரு கணம் வழி திறந்தது. "கண்ணு, இப்ப ஆழமா மூச்சு இழு" என்றேன். அவள் இழுத்தாள், டியூப் உள்ளே போனது. என் முதுகில் வேர்வை ஓடியதை அப்புறம்தான் உணர்ந்தேன். மயக்க மருந்தை ஏற்றினேன். சர்ஜன் கை கழுவப் போனார்.

பையை எடுக்கும்போது அதன் அடியில் ஓரிடம் கறுத்து, தொட்டால் ஓட்டை விழும்போல இருந்தது. கிழியவில்லை. மத்தியானம் கடந்து அவள் தானாகவே மூச்சுவிட்டாள். முழுசாகக் கண் விழித்துக் கையை இறுக்கிக் காட்டிய பிறகுதான் டியூபை உருவினேன். மேலே ஐசியூவில் பாம்புக்கடி ஆள் மிஷினில் இருந்தான். அவனும் அடுத்த வாரம் நடந்தே வீட்டுக்குப் போனான்.

யோசித்துப் பாருங்கள். நாம் முதலில் போட்டிருந்த திட்டப்படி அவளை மயக்கியிருந்தால், சோறு நுரையீரலுக்குள் போய், அவள் அந்த ஒரே படுக்கையில் வாரக்கணக்கில் கிடந்திருப்பாள், அல்லது செத்திருப்பாள். கீழே அவனும் செத்திருப்பான். அப்போதும் நாம், பருமனால் வந்த சிக்கல் என்றுதான் எழுதியிருப்போம். ஆஸ்பத்திரிக்குப் பாரம் என்று யாரையாவது சொல்ல வாய் திறக்கும்போது எனக்கு அந்த ஜாடி ஞாபகம் வரும். எடையைக் குறைக்கச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிற மாதிரி சொன்னால், அடுத்த முறை அவர் உங்களிடம் உண்மையைச் சொல்லமாட்டார். நம் வேலை ஓடுவதே அவர் சொல்லும் உண்மையை வைத்துத்தான்.

வெளியே வந்து மாமியாரிடம் நல்லபடியாக முடிந்தது என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அழுதார், நிஜமான அழுகைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இனியாச்சும் வாயைக் கட்டச் சொல்லுங்க சாமி, நீங்க சொன்னாக் கேப்பா" என்றார். என் வாழ்க்கையிலேயே நான் பதில் பேசாமல் திரும்பி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

உள்ளே சர்ஜன் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். போர்வையைச் சரியாக இழுத்துவிட்டு நகர்ந்தார். நான் குனிந்தேன். அவளுக்குத் தொண்டை புண்ணாகியிருந்தது. குரல் எழும்பவில்லை. போர்வையின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி உதட்டை அசைத்தாள். நான் காதைக் கொண்டுபோனேன்.

"எங்கத்தைகிட்டச் சொல்லிப்போட்டீங்களாங்க?"

"இல்ல கண்ணு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் மூச்சு சீராக வந்தது.